ஒரே களிம்பு, இரண்டு வளையங்கள்: ஆறாத ‘படர்தாமரை’ குறித்த நிகழ்வு ஆய்வு

நோயாளி 39 வயதுப் பெண். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார். கணவர், 11 வயது மகள், மாமியார் என நான்கு பேர் உள்ள குடும்பம். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தோலில் கண்டவற்றை மாற்றவில்லை.

அவர் கொண்டுவந்த சீட்டில் ‘உடலில் படர்தாமரை, மருந்துக்குக் கட்டுப்படவில்லை’ என்று இருந்தது. அது பாதி சரி. இடுப்பில் இருந்தது படர்தாமரைதான். முன்கையில் இருந்தது தொழுநோய். இரண்டும் வளையமாக இருந்தன, இரண்டும் சிவந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே களிம்பைத் தடவி வந்தார். இரண்டும் கொஞ்சம் அடங்கி மறுபடி எழுந்தன. பெயர் முதலிலேயே ஒட்டிக்கொண்டதால், இரண்டையும் தனித்தனியாக யாரும் வர்ணித்துப் பார்க்கவில்லை. தோல் நோய்க்குப் பெயர் சொல்வதற்கு முன்னால் கண்ணில் பட்டதையும் விரலுக்குத் தட்டுப்பட்டதையும் எழுதிவிட வேண்டும் என்று நான் பயிற்சி மருத்துவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அது ஏன் என்பதை இந்த நோயாளியின் தோல் என்னைவிட நன்றாகச் சொல்கிறது.

வரலாறு

வலது முன்கையில் 14 மாதங்களுக்கு முன்பு ஒரு ரூபாய் நாணய அளவில் சிவந்த தடிப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. மெதுவாகப் பெரிதானது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினார். டியூபைப் பையில் வைத்திருந்தார்: குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, ஒரு நுண்ணுயிர்க்கொல்லி, ஒரு பூஞ்சைக்கொல்லி, மூன்றும் கலந்தது. தடவினால் சிவப்பு குறையும், நிறுத்தினால் திரும்பும். அப்புறம் 5 மாதங்களுக்கு முன்பு இடுப்பில் ஒரு வளையம் வந்தது. அதற்கும் அதே டியூப். இடையில் ஓரிடத்தில் இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வகைக் கலவைக் களிம்பு இந்தியா முழுக்க ஓடுகிறது. ஸ்டீராய்டு உள்ள பூச்சு மருந்துகளை 2018-இல் மருந்துச் சீட்டு தேவைப்படும் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனாலும் கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதை எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் மெலிந்துபோன தோல்களே சொல்லும்.

இடுப்பையும் கையையும் பிரித்துக் கேட்டபோதுதான் கதை இரண்டாகப் பிரிந்தது. இடுப்பு அரிப்பு ராத்திரி தூங்க விடுவதில்லை என்றார். கை அரிக்கிறதா என்றால், “அரிக்கலைங்க டாக்டர். சுண்டுவிரல்தான் கொஞ்ச நாளா மரமரன்னு இருக்குது. இலை ஈரத்துலயே கை இருக்குது இல்ல, அதனாலன்னு நெனச்சேன்” என்றார். பீடி இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனையை விரலால் மடித்து அடைக்கிற வேலை. விரல் மரத்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்தும் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த ஒரு சிறு தீப்புண். எப்போது பட்டது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “தெரியலைங்க, தோசைக்கல்லு பட்டிருக்கும்” என்றார். சூடு பட்டது எப்போது என்று ஒருவருக்கு நினைவில்லை என்றால், அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

பரிசோதனை: முன்கை

தோலைப் பார்க்க நல்ல வெளிச்சம் வேண்டும். முடிந்தால் ஜன்னல் வெளிச்சம். குழல் விளக்கின் கீழ் நம் நிறத் தோலில் லேசான சிவப்பு தெரியாமலே போய்விடும். வெள்ளைத் தோல் படங்களைப் பார்த்துப் படித்து வருகிறவர்கள் ‘சிவப்பு’ என்றதும் ரோஜா நிறத்தைத் தேடுகிறார்கள். மாநிறத் தோலில் அது செம்பு நிறமாகவோ பழுப்பாகவோ தெரியும். கறுத்த தோலில், சுற்றுப்புறத்தைவிட இன்னும் கருமையாக மட்டுமே தெரியலாம். சந்தேகம் வந்தால் கண்ணாடிச் சில்லை அழுத்திப் பார்க்கலாம். ரத்தக் குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு அழுத்தத்தில் வெளிறும். தோலுக்குள் ரத்தம் கசிந்ததால் வந்தது வெளிறாது.

முன்கைத் தடிப்பைப் பற்றி நோயாளி அட்டையில் எழுதியது இது: ‘வலது முன்கையின் உட்புறம், முழங்கைக்கு 6 செ.மீ. கீழே, 7 × 5 செ.மீ. அளவில் வளைய வடிவத் தடிப்பு. விளிம்பு செம்பு நிறம், தொட்டால் மேடு. வெளிப்பக்கம் தெளிவாக நிற்கிறது, உட்பக்கம் மையத்தை நோக்கிச் சரிகிறது. கீழ்ப்பக்க விளிம்பு மட்டும் ஒரு விரல்கடை நீளத்துக்கு மங்கி, சுற்றுத் தோலோடு கலந்துவிடுகிறது. மையம் தட்டை, நிறம் குறைந்தது, வறண்டது. செதில் இல்லை. பருக்களோ நீர்க்கொப்புளமோ இல்லை. ரோமம் குறைவு. சொறிந்த தடம் இல்லை. விளிம்புக்கு வெளியே, 1 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில், அதே நிறத்தில் இரண்டு சிறு தடிப்புகள்.’

இதில் நோயின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் படித்து முடிக்கும்போது படர்தாமரை என்று சொல்ல மனம் வராது.

ஒவ்வொரு சொல்லும் ஒரு வாசலை மூடுகிறது அல்லது திறக்கிறது. முதலில், இது தட்டையா மேடா? அதைக் கண் தீர்மானிக்கக் கூடாது, விரல் தீர்மானிக்க வேண்டும். விரல் நுனியைச் சாதாரணத் தோலில் வைத்து, மெதுவாக விளிம்பைக் கடந்து, உள்ளே போக வேண்டும். தட்டையாக நிறம் மட்டும் மாறியிருந்தால், 1 செ.மீ. வரை மேக்யூல், அதற்கு மேல் பேட்ச் என்கிறோம். மேடாக இருந்தால் சிறியது பாப்யூல், பெரியது பிளேக். ஆழமாகத் திரண்டிருந்தால் நோட்யூல். இந்த முதல் பிரிவிலேயே, வெறும் நிறம் மாறிய தேமலும் வெண்புள்ளியும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகின்றன. முன்கையில் இருந்தது பிளேக்.

அடுத்தது மேற்பரப்பு. படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. அது முன்னேறும் விளிம்பில்தான் செதிலும் சிறு பருக்களும் சில சமயம் கொப்புளங்களும் வரும். தொழுநோய்க் கிருமியின் இடம் ஆழத்தில், நரம்பைச் சுற்றி. அதனால்தான் அந்தத் தடிப்பின் மேற்பரப்பில் செதில் இல்லாமல், ரோமம் உதிர்ந்து, வியர்வை நின்று, தோல் வறண்டுபோகிறது. வியர்வைச் சுரப்பிக்குப் போகிற நரம்பு இழை கெட்டுப்போனால் வியர்க்காது. மத்தியான வெயிலில் நடந்து வந்த அவருடைய முன்கை முழுவதும் பிசுபிசுத்தது, அந்த வளையத்தின் நடுப்பகுதி மட்டும் காய்ந்து கிடந்தது. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், புறங்கையால் தடவினால் போதும்.

விளிம்பைப் பற்றி எழுதிய வரிக்குத்தான் எடை அதிகம். வெளியே தெளிவாக நின்று உள்ளே சரிகிற விளிம்பு, சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைப் போன்றது. தொழுநோய் வகைகளில் உடலின் எதிர்ப்பாற்றல் வலுவாக இருக்கும் முனையை ட்யூபர்குலாய்டு என்கிறோம், அங்கே இது வரும். எதிர்ப்பாற்றல் குறையக் குறைய இந்த அமைப்பு தலைகீழாகும்: உள்விளிம்பு வெட்டியது போலக் கூர்மையாகி, வெளிவிளிம்பு சுற்றுத் தோலில் கரைந்துவிடும். இவருக்குப் பெரும்பகுதி தெளிவாக இருந்தும் ஓரிடத்தில் மங்கியிருந்தது, பக்கத்தில் துணைத் தடிப்புகள் இருந்தன. ரிட்லியும் ஜாப்லிங்கும் 1966-இல் தொழுநோய்க்கு வகுத்த ஐந்து பிரிவுப் பட்டியலில் இது பார்டர்லைன் ட்யூபர்குலாய்டு என்ற இடத்தில் பொருந்துகிறது. எந்த விளிம்பு தெளிவு, எந்த விளிம்பு மங்கல் என்று எழுதியதிலிருந்தே நோயாளியின் எதிர்ப்பாற்றல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஊகிக்க முடிகிறது.

பரிசோதனை: இடுப்பு

இடுப்பின் வலப்புறம், பாவாடை நாடா பதியும் கோட்டை ஒட்டி, 9 × 6 செ.மீ. அளவில் இன்னொரு வளையம். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பருக்கள், மெல்லிய செதில். உள்ளே இன்னொரு வளையம், அதற்குள் அரைகுறையாக மூன்றாவது. நடுவில் கருமை. நகத் தடங்கள். தோல் சிகரெட் தாள் போலச் சுருங்கும் அளவுக்கு மெலிந்து, இரண்டு இடத்தில் ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தன.

இது ஸ்டீராய்டு பூசிக் கெட்ட படர்தாமரையின் முகம். பூஞ்சையை எதிர்த்து எழும் அழற்சியை ஸ்டீராய்டு அடக்குகிறது, பூஞ்சை உள்ளே வளர்கிறது, நிறுத்தியதும் புதிதாக ஒரு வளையம் கிளம்புகிறது. வளையத்துக்குள் வளையம் இப்படித்தான் வருகிறது. மழுங்கிய பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, கிளைவிட்ட பூஞ்சை இழைகள் நிறையத் தெரிந்தன. முன்கையிலிருந்து அதே மாதிரி எடுத்ததில் ஒன்றும் இல்லை. சுரண்டினால் வருவதற்கே அங்கே செதில் இல்லை.

அந்தக் களிம்பு முன்கையில் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். தொழுநோய்த் தடிப்பின் சிவப்பும் மேடும் உடலின் எதிர்வினைதான். ஸ்டீராய்டு அதையும் கொஞ்சம் அமுக்கும். ஆகவே ‘களிம்புக்குக் கேட்டது’ என்ற நோயாளியின் சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. குளோபெட்டசாலுக்குக் கொஞ்ச நாள் கேட்காத சிவந்த தடிப்பு எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

தொட்டுச் சோதித்தது

உணர்ச்சிச் சோதனையில் அவசரப்பட்டால் தப்பான விடைதான் வரும். “தெரியுதா? தெரியுதா?” என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் கேட்டால், நோயாளி மரியாதைக்காகவே “தெரியுது” என்பார். முதலில் கண் திறந்திருக்கும்போது நல்ல தோலில் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டுவிரலால் காட்டச் சொன்னேன். சரியாகக் காட்டினார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோல், தடிப்பு, மறுபடி நல்ல தோல் என்று ஒழுங்கில்லாமல், எதுவும் பேசாமல் தொட்டேன். நல்ல தோலில் தொட்டபோதெல்லாம் விரல் சரியான இடத்துக்கு வந்தது. மையத்தில் தொட்டபோது விரல் எழவே இல்லை. விளிம்பில் தொட்டபோது இரண்டு விரல்கடை தள்ளிக் காட்டினார். வெந்நீரும் குளிர்ந்த நீரும் வைத்த இரண்டு சோதனைக் குழாய்களைத் தடிப்பின் மேல் மாற்றி மாற்றி வைத்தபோது இரண்டும் ஒன்றுபோல இருப்பதாகச் சொன்னார். சூடு, குளிர் உணர்வு பெரும்பாலும் தொடு உணர்வுக்கு முன்னாலேயே போய்விடும். அந்தத் தீப்புண்ணுக்கு அதுதான் விளக்கம்.

அடுத்தது நரம்பு. முழங்கையைச் சற்று மடக்கச் சொல்லி, உட்புற எலும்பு மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகும் அல்நார் நரம்பைத் தேடி, மேல்நோக்கி உருட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். வலித்தால் வாய்க்கு முன்னால் முகம் சொல்லிவிடும். இடது நரம்பு மெலிதாக வழுக்கியது. வலது நரம்பு தெளிவாகத் தடித்து, பள்ளத்துக்கு மேலேயும் 3 செ.மீ. வரை தொடர்ந்தது. வலி இல்லை. தொடு உணர்வை அளக்கும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழைகளில், 0.2 கிராம் அழுத்தம் தரும் இழையைச் சுண்டுவிரல் உணரவில்லை, 2 கிராம் இழையை உணர்ந்தது. சுண்டுவிரலை வெளியே விரிக்கும் தசையின் வலு 5-க்கு 5. அதாவது உணர்வு குறைந்திருக்கிறது, தசை இன்னும் பிழைத்திருக்கிறது. இந்த இடைவெளியில் நோயைப் பிடித்தால் விரல்கள் மடங்கிப்போகாமல் காப்பாற்றலாம்.

கழுத்து, மணிக்கட்டு, முழங்கால் பக்கம், கணுக்கால் நரம்புகள் இயல்பாக இருந்தன.

உடல் முழுவதும்

செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, திரை போட்டு, தலை முதல் கால் வரை பார்த்தோம். நோயாளி தயங்கினார், கைக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், முதுகை ஏன் பார்க்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. நிதானமாகச் சொன்னதும் சம்மதித்தார்.

இடது தோள்பட்டை எலும்பின் மேல் 4 செ.மீ. அளவில் நிறம் குறைந்த, லேசாக மேடான ஒன்று. இடது பிட்டத்தில் ஒன்று. வலது தொடையின் வெளிப்புறம் இன்னொன்று. மூன்றிலும் தொடு உணர்வு குறைவு. மூன்றும் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரால் பார்க்க முடியாத இடம், அரிக்காத இடம், வலிக்காத இடம்.

முன்கையில் பெரியது ஒன்று, துணைத் தடிப்பு இரண்டு, உடலில் மூன்று. ஆக ஆறு. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் ஐந்து தடிப்பு வரை இருந்தால் குறைந்த கிருமி வகை, ஆறு மாதச் சிகிச்சை. அதற்கு மேல் போனால் அதிகக் கிருமி வகை, 12 மாதச் சிகிச்சை. சட்டைக் கையை மட்டும் சுருட்டிப் பார்த்திருந்தால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியிருப்போம். தோல் பரிசோதனையில் எண்ணுவது என்பது எழுத்தர் வேலை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஆறு என்ற எண்ணைக் காட்டுவேன்.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

உணர்வு போன தடிப்பும் தடித்த நரம்பும் சேர்ந்து இருக்கும்போது விவாதத்துக்கு அதிகம் இடமில்லை. தொழுநோய்க்கான மூன்று முதன்மை அறிகுறிகளில் (உணர்ச்சியற்ற தேமல் அல்லது தடிப்பு, உணர்விழப்போ தசை பலவீனமோ சேர்ந்த நரம்புத் தடிப்பு, தோல் கீறல் மாதிரியில் கிருமி) ஒன்று இருந்தாலே போதும். இவருக்கு இரண்டு இருந்தன. ஆனாலும் மற்றவற்றை எண்ணிப் பார்த்தோம்.

கிரானுலோமா ஆன்யுலாரே என்ற நோயும் செதில் இல்லாத வளையம்தான். அதில் உணர்வு கெடாது, ரோமம் உதிராது. சொரியாசிஸில் வெள்ளி நிறச் செதில் அடுக்கடுக்காக வரும். தோல் காசநோயான லூபஸ் வல்காரிஸ் ஒரு பக்கம் பரவி மறுபக்கம் தழும்பாகும். இங்கே தழும்பு இல்லை. வெண்புள்ளியில் நிறம் சுண்ணாம்பு வெள்ளையாக, முழுதாகப் போயிருக்கும். தொழுநோயில் நிறம் குறையுமே தவிர அறவே போகாது. இதை நோயாளிகளிடம் சொல்ல வேண்டிய தேவை அடிக்கடி வருகிறது, ஏனென்றால் வெண்புள்ளிக்காரர்கள் தொழுநோய்ப் பயத்தோடும் தொழுநோயாளிகள் ‘சும்மா தேமல்’ என்ற நிம்மதியோடும் வருகிறார்கள்.

காது மடல், தடிப்பு ஆகிய இடங்களிலிருந்து எடுத்த தோல் கீறல் மாதிரிகளில் கிருமி இல்லை. பார்டர்லைன் ட்யூபர்குலாய்டு வகையில் இது எதிர்பார்த்ததே. கிருமி இல்லை என்ற முடிவு நோயை மறுப்பதில்லை. தடிப்பின் விளிம்பிலிருந்து எடுத்த திசுவில், நரம்பையும் வியர்வைச் சுரப்பியையும் சுற்றி எபிதீலாய்டு செல்கள், லிம்போசைட்டுகள் என்ற எதிர்ப்புச் செல்கள் திரண்ட முடிச்சுகள் (கிரானுலோமாக்கள்) இருந்தன. விரலுக்குத் தட்டுப்பட்டதுதான் நுண்ணோக்கியிலும் தெரிந்தது.

சொன்ன விதம்

நோயின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சா டாக்டர்?” என்பதுதான். இரண்டாவது கேள்வியைக் கணவர் வெளியே போன பிறகு கேட்டார்: தன்னை வீட்டில் வைத்துக்கொள்வார்களா என்று.

முதலாவதற்கு மருத்துவ விடை உண்டு. சிகிச்சை பெறாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கி இருப்பவர்களுக்குத்தான், சுவாசப் பாதை வழியாக, பரவ வாய்ப்பு. பெரும்பாலானவர்களுக்கு இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் இருக்கிறது. மருந்து தொடங்கியதும் பரவும் தன்மை விரைவில் போய்விடும். தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டியதில்லை. இதை மாமியாரையும் உட்கார வைத்துச் சொன்னோம்.

இரண்டாவதற்குச் சட்டத்தையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் தான் நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகள் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் போயின. நோய்க்குக் கூட்டு மருந்து 1982-இலிருந்தே இருக்கும்போது சட்டம் இத்தனை காலம் பின்தங்கியிருந்தது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். வேலூருக்கு இன்னும் பொறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் செய்து காட்டியது இங்கேதான். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருப்பதும் பக்கத்தில்தான்.

பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. அதன் பிறகு ‘தொழுநோய் ஒழிந்துவிட்டது’ என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமில்லை, மருத்துவர்களிடமும் பரவிவிட்டது. மனதில் இல்லாத நோயைக் கண் தேடாது. விரல் நுனி தேடிப் பழகியிருந்தால் மட்டுமே அது கிடைக்கும்.

சிகிச்சையும் அதன் நடுவே வந்த சிக்கலும்

அதிகக் கிருமி வகைக்கான கூட்டு மருந்து: மாதம் ஒருமுறை நேரடிக் கண்காணிப்பில் ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி., டாப்சோன் 100 மி.கி.; தினமும் குளோஃபாசிமின் 50 மி.கி., டாப்சோன் 100 மி.கி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். சொல்லாமல் விட்டால் அந்தக் கருமைக்குப் பயந்தே பலர் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

இடுப்புப் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை நிறுத்தி, வெறும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு. ஓரிடத்தில் மட்டும் இருந்ததாலும், ரிஃபாம்பிசின் இட்ராகோனசோலின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதாலும், மாத்திரையைத் தவிர்த்தோம். ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் வாரம் அரிப்பு கூடியது, சொல்லிவைத்திருந்ததால் பொறுத்துக்கொண்டார். வளையம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தடவச் சொன்னோம். ஊதாக் கோடுகள் மட்டும் போகவில்லை, போகவும் போகாது.

நான்காவது மாதத்தில் முன்கைத் தடிப்பு ஒரே வாரத்தில் வீங்கிச் சிவந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தார். பழைய அட்டையில் எழுதியிருந்த வர்ணனை இங்கேதான் கைகொடுத்தது. அன்று ‘சரிவான விளிம்பு, வறண்ட மையம்’ என்று எழுதிய இடம் இப்போது முழுக்க மேடாக, பளபளப்பாக, சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தது. முதுகில் இருந்ததும் அப்படியே. ஆனால் பழைய ஆறு இடங்களைத் தவிர வேறு எங்கும் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை, வாய்ப்புண் இல்லை. டாப்சோன் ஒவ்வாமை என்றால் உடல் முழுக்கச் சிவந்த தடிப்புகள், காய்ச்சல், கல்லீரல் பாதிப்பு என்று வரும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். இது முதல் வகை எதிர்வினை: உடலின் எதிர்ப்பாற்றல் திடீரென்று விழித்து, கிருமி இருந்த இடங்களைத் தாக்குகிறது. தோலில் நடந்தால் சிவப்பு. நரம்புக்குள் நடந்தால் ஊனம்.

அல்நார் நரம்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். சுண்டுவிரல் தசை வலு 3-க்கு இறங்கியிருந்தது. பீடி முனையை மடிக்கவே முடியவில்லை என்றார்.

அன்றே ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பு எக்ஸ்-ரே பார்த்து, குடற்புழு மருந்து கொடுத்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினம் 40 மி.கி. என்று தொடங்கினோம். கைக்கு ஓய்வுப் பட்டை. கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது என்று மறுபடி மறுபடி சொன்னோம். ஸ்டீராய்டு அளவை 20 வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம். இடையில் படர்தாமரை திரும்புமோ என்று ஒவ்வொரு முறையும் இடுப்பைப் பார்த்தோம், திரும்பவில்லை. தோலில் தடவியபோது நோயை மறைத்த அதே வகை மருந்து, சரியான நோய்க்குச் சரியான நேரத்தில் வாய் வழியாகக் கொடுத்தபோது கையைக் காப்பாற்றியது.

12 மாத முடிவில் தடிப்புகள் தட்டையாகி, நிறம் குறைந்த வட்டங்களாக நின்றன. தசை வலு 5. சுண்டுவிரல் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை, 0.2 கிராம் இழை இன்னும் தெரியவில்லை. அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் துணி பிடித்து இறக்க வேண்டும், ராத்திரி கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். வெளிறிய வட்டம் தங்குவதால் நோய் இருக்கிறது என்று ஆகாது. மேடு, சிவப்பு, நரம்பு வலி, புதுத் தடிப்பு, புது மரப்பு இவற்றில் எது வந்தாலும் அன்றே வரச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் மற்றவர்கள்

தொடர்பில் உள்ளவர்களுக்குத் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பது இப்போது நடைமுறை. கணவர், மாமியார் இருவரின் தோலும் நரம்பும் இயல்பு, இருவருக்கும் கொடுக்கப்பட்டது.

மகளின் இடது கன்னத்தில் 2 செ.மீ. அளவில் வெளிறிய தேமல் இருந்தது. தாய் அதைக் காட்டும்போது பேச்சே வரவில்லை. முகத்தில் உணர்ச்சிச் சோதனையை நம்ப முடியாது. முகத்துக்கு நரம்பு வலை அடர்த்தி என்பதால் தொழுநோய்த் தேமலிலும் உணர்வு இயல்பாக இருக்கலாம். ஆகவே ‘தொட்டால் தெரிகிறது’ என்று சொல்லிச் சமாதானமாகிவிட முடியாது. மற்றவற்றை எழுதினோம்: விளிம்பு எல்லாப் பக்கமும் மங்கல். மேடு இல்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் மாவு போன்ற செதில். மற்றக் கன்னத்திலும் அதே மாதிரி மங்கலாக ஒன்று, தாய் கவனிக்காதது. கழுத்து நரம்பு தடிக்கவில்லை. உடலில் வேறெங்கும் எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் முகத்தில் சாதாரணமாக வருகிற பிட்டிரியாசிஸ் ஆல்பா என்றே எல்லாம் சொன்னது.

ஆனாலும் அந்த ஒரு வேளை மருந்தை அன்று அவளுக்குக் கொடுக்கவில்லை. ஒருவேளை தொழுநோயாகவே இருந்தால் ஒரு வேளை ரிஃபாம்பிசின் அதற்குச் சிகிச்சையாகாது, குழப்பத்தைத்தான் கூட்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவச் சொல்லி, தேமலின் ஓரத்தைப் படத்தில் அளவோடு குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னோம். வந்தபோது இரண்டு கன்னமும் ஒரே நிறமாக இருந்தன. தலை முதல் கால் வரை இன்னொரு முறை பார்த்துவிட்டு ரிஃபாம்பிசின் 450 மி.கி. கொடுத்தோம்.